15 லட்சம், 30 பெண்கள்: தையல் மெஷினா, கடனா, ஆடா, ரொக்கமா?

எங்கள் பத்தாம் வகுப்பு செட் ஆட்கள் சேர்ந்து இந்த வருடம் 15 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஊர் தருமபுரி மாவட்டத்தில், அரூரைத் தாண்டி. ஊரில் மிகவும் கஷ்டப்படுகிற 30 பெண்களுக்கு ஏதாவது செய்வதென்று முடிவு. தலைக்கு 50,000 ரூபாய். அதுவரை சண்டை இல்லை. அந்த 50,000 என்ன உருவத்தில் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கேட்டார், வாட்ஸ்அப் குழு இரண்டு நாள் தூங்கவில்லை. துபாயில் இருப்பவர் தையல் மெஷின் என்றார். வங்கியில் வேலை பார்ப்பவர் சுழல் நிதி என்றார். வட்டியில்லாமல் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கலாமாம், முதல் கரையாதாம். ஒருவர் கறவை மாடு. இன்னொருவர், "பேசாம கையில காசக் குடுத்துருங்கப்பா, அவங்களுக்குத் தெரியாததா" என்றார். கடைசியில், "நீதான் இதையெல்லாம் படிக்கிறவ, ஒப்பிட்டு எழுதிக் குடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். 41 பேர் இருக்கும் குழுவில் பெண்கள் ஒன்பது பேர். பெண்களுக்கு என்ன தேவை என்று அந்த இரண்டு நாளில் எழுதியவர்களில் நாங்கள் ஒருத்திகூட இல்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் இடித்தது அந்த 30 பேர் பட்டியல். ரேஷன் கார்டை வைத்துத் தயாரித்திருந்தார்கள். ஏழை வீடு எது என்று பார்த்து, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மட்டும் இல்லை, உலகமே அப்படித்தான் எண்ணுகிறது. உலக வங்கியின் கணக்காகட்டும், அரசின் கணக்காகட்டும், ஒரு வீட்டின் மொத்தச் செலவை எடுத்து ஆள் எண்ணிக்கையால் வகுப்பதுதான் வழக்கம். வீட்டுக்குள் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யார் கையில் காசு இருந்தது என்பதெல்லாம் அதில் வராது. வறுமைக் கோடு வாசற்படியோடு நின்றுவிடும்.

அதனால் பெண்களின் வறுமை பற்றிக் காதில் விழும் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. உலகத்து ஏழைகளில் 70 சதவீதம் பெண்கள் என்று 1995இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை சொன்னது. இன்றும் மேடைக்கு மேடை அது ஒலிக்கிறது. அதற்கு அடியில் உருப்படியான கணக்கு எதுவும் இல்லை என்று ஆய்வாளர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். வீட்டை வைத்து எண்ணினால் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகத்தான் வருவார்கள், ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு வயதில் மட்டும் வித்தியாசம் துருத்திக்கொண்டு தெரிகிறது. 89 நாடுகளின் விவரங்களை வைத்து 2018இல் வெளிவந்த கணக்கில், 25 முதல் 34 வயதுக்குள் கடும் வறுமையில் இருக்கும் ஆண்கள் 100 பேர் என்றால் பெண்கள் 122 பேர். மடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இருக்கிற வயது அது.

வாசற்படியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்த ஆய்வுகளில் எனக்கு மறக்காதது ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் நடந்தது. அங்கே ஒரே குடும்பத்தில் கணவனுக்கு ஒரு வயல், மனைவிக்கு ஒரு வயல் என்று தனித்தனியாக உண்டு. கிறிஸ்டோபர் உட்ரி என்ற பொருளாதார அறிஞர் 1996இல் வெளியிட்ட கணக்குப்படி, அதே வீடு, அதே வருடம், அதே பயிர், இருந்தும் மனைவியின் வயலில் விளைச்சல் சுமார் 30 சதவீதம் குறைவு. மண்மேல் குற்றமில்லை. எருவும் ஆள் உழைப்பும் கணவன் வயலுக்கே போய்க்கொண்டிருந்தன. இரண்டு வண்டி எருவை இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் அந்த வீட்டுக்கே மொத்தத்தில் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் திருப்பவில்லை.

என் அம்மாவுக்கு அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே ஒரு இடம் இருந்தது. சிறுவாடு. வறட்டி விற்றது, முட்டை விற்றது, தாத்தா வந்தால் கையில் வைத்துவிட்டுப் போனது. அப்படி ஒன்று இருப்பது அப்பாவுக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது, கேட்கவும் மாட்டார். என் பள்ளிச் சுற்றுலாக்கள் எல்லாம் அங்கிருந்துதான் போயின. இந்த ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோலும் அதுதான். நாம் கொடுப்பது அவளுடைய சிறுவாடாகுமா, இல்லை வீட்டுப் பொதுக் கணக்கில் கரைந்துபோகுமா? கூடவே இன்னொரு கேள்வி: அதற்காக அவள் நாளில் எத்தனை மணி நேரம் பிடுங்குவோம்?

தையல் மெஷினை இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மேடையில் வைத்துக் கொடுக்க வசதி, போட்டோவில் நன்றாக விழும். ஆனால் ஜாக்கெட் தைக்கிற நாலு பேருக்கு மேல் எங்கள் ஊர் தாங்காது. இதற்கு முன் வெவ்வேறு கைகளிலிருந்து ஊருக்கு வந்த மெஷின்களில் பாதி இப்போது டிவி வைக்கும் மேசையாக இருக்கின்றன. அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் "தொழில் செய்யப் பொருள் கொடுத்தால் பெண் முன்னுக்கு வருவாள்" என்ற நம்பிக்கை தையல் மெஷினோடு முடிவதில்லை. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இலங்கையில் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

2005இல் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சின்னச் சின்னத் தொழில் செய்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயைப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். திருப்பித் தர வேண்டாம். ஆண்கள் நடத்திய தொழில்களில், போட்ட பணத்துக்கு மாதம் 5 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் லாபம் வந்தது. எந்த வங்கியும் தராத வருமானம். பெண்கள் நடத்திய தொழில்களில்? சராசரியாகப் பூஜ்யம். பெண்களுக்குத் தொழில் திறமை போதவில்லை என்று யாராவது கிளம்புவதற்கு இது போதும், சிலர் கிளம்பியும் விட்டார்கள்.

2019இல் வேறொரு குழு இதே விவரங்களை, இந்தியாவிலும் கானாவிலும் நடந்த இதே மாதிரி ஆய்வுகளோடு சேர்த்து மறுபடி புரட்டிப் பார்த்தது. அந்தப் பெண்களில் நிறையப் பேரின் வீட்டில் கணவனும் ஒரு தொழில் நடத்திக்கொண்டிருந்தான். பணம் போனது அங்கே. அவள் பெயரில் வந்த முதல் அவன் கடையில் சரக்காக நின்றது, லாபமும் அவன் கணக்கில் ஏறியது. வீட்டிலேயே ஒரே தொழில் அவள் தொழில்தான் என்றிருந்த பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஆண்களுக்குக் கிடைத்த அளவு லாபம் அவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. புர்கினா பாசோவின் எருவண்டி கதையேதான், இங்கே ரூபாயாக வந்திருக்கிறது.

ஆக, பொருளோ பணமோ கொடுக்கும் முன் கேட்க வேண்டியது "என்ன தொழில் தெரியும்" என்பதை அல்ல. "உங்கள் வீட்டில் வேறு யார் தொழில் செய்கிறார்கள்" என்பதை.

அடுத்தது கடன். வங்கி நண்பரின் சுழல் நிதி. கேட்க நன்றாக இருக்கிறது, அதன் பூர்வீகமும் நல்ல பூர்வீகம்தான். 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தன் கையிலிருந்து 42 பேருக்குக் கொடுத்தது மொத்தமே 27 டாலர். அது 1983இல் கிராமீன் வங்கி ஆனது, 2006இல் நோபல் அமைதிப் பரிசு வரை போனது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முளைத்ததே எங்கள் மாவட்டத்தில்தான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கினார்கள். 1992இல் நபார்டு அந்த மாதிரிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. எங்கள் அத்தைகளின் தலைமுறை முதன்முதலில் கையெழுத்துப் போடக் கற்றதும், பேங்க் மேனேஜர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததும் இந்தக் குழுக்களால்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் குழு வேறு, இன்றைக்கு வாரா வாரம் தவணை வசூலிக்கும் "குழு லோன்" வேறு. முதலாவதில் பெண்கள் தாங்கள் சேர்த்த பணத்தை வைத்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் வெளியே இருந்து பணம் வருகிறது, ஐந்து பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற நால்வரும் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு துணிப்பையை எடுத்துக் கொட்டினார், நான்கு கடன் அட்டைகள். திங்கள் ஒன்றுக்கு, புதன் ஒன்றுக்கு, வெள்ளி இரண்டுக்கு. முதல் கடன் வீட்டுக்காரர் டூவீலருக்கு. இரண்டாவது மகள் சீருக்கு. மூன்றாவதும் நான்காவதும் முதல் இரண்டைக் கட்ட. "லோன் எம்பேருல, வண்டி அவரு பேருல" என்று சிரித்தார். வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென்குப்தாவும் 1996லேயே இதை எழுதியிருக்கிறார்கள்: பெண் பெயரில் வாங்கிய கடனில் பெரும்பகுதி வீட்டு ஆண்களின் கைக்குப் போகிறது, திருப்பிக் கட்டும் பொறுப்பு மட்டும் அவளிடம் நிற்கிறது.

இது ஏதோ எங்கள் ஊரின் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் மட்டும் முதலில் நுண்கடனை, அதாவது இந்தக் குழு லோன் மாதிரிச் சிறு கடனை, கொண்டுபோய் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழு ஒப்பிட்டுப் பார்த்தது. ஏற்கனவே தொழில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் முதலீடு கூடியது. வீட்டுச் செலவு உயரவில்லை. வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பும் கூடவில்லை. 2015இல் இதையும் சேர்த்து போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாட்டு முடிவுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. எங்குமே வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட மாற்றம் இல்லை. பெரிய நாசமும் இல்லை, சராசரியில். ஆனால் சராசரி என்பது எல்லாருக்கும் நடந்தது ஆகாது. 2010இல் ஆந்திராவில் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் சேர்ந்து, அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. இலங்கையில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டிலும் 2025இல் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது.

நம்முடையது வட்டியில்லாக் கடன்தானே என்று வங்கி நண்பர் கேட்டார். வட்டி இல்லைதான், ஆனால் வசூல் உண்டு. நம்மில் யார் போய்ப் பள்ளித் தோழியின் அம்மாவிடம் தவணை கேட்பது? நான் போக மாட்டேன். ஏற்கனவே நான்கு அட்டை வைத்திருப்பவருக்கு ஐந்தாவது அட்டை கொடுப்பது உதவியில் சேராது.

இப்போது ஆடு மாடு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், எனக்கே ஆட்டின்மேல் கொஞ்சம் சாய்வு இருப்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு கிராமத்து ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவை மாடும், ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகளும் கொடுக்க ஆரம்பித்தது. பெண் பெயரில், கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து. எங்கள் ஊரிலும் வந்தன. சில வீடுகளில் நான்கு ஆடு பதினைந்தானது. சில வீடுகளில் அந்த தீபாவளியே தாண்டவில்லை.

ஏன் சில வீட்டில் பெருகி, சில வீட்டில் குழம்பானது? இதற்கு நல்ல பதில் வங்கதேசத்தில் இருக்கிறது. கடன் கொடுத்துக்கொண்டிருந்த பிராக் அமைப்பே, அடிமட்ட ஏழைப் பெண்கள் கடன் பக்கமே வருவதில்லை என்று கண்டு, 2002இல் வேறு திட்டம் தொடங்கியது. கடன் கிடையாது. ஒரு மாடோ சில ஆடுகளோ இலவசம். அது பலன் தரும்வரை வயிற்றுப்பாட்டுக்குச் சிறு தொகை. வளர்ப்புக்குப் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு ஒரு பணியாளர் அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஒரியானா பண்டியேரா உள்ளிட்டோர் 21,000 குடும்பங்களை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து 2017இல் எழுதினார்கள். அதுவரை வீட்டு வேலைக்கும் வயல் கூலிக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் கால்நடைப் பக்கம் திரும்பினார்கள், வருட வருமானம் 21 சதவீதம் கூடியது, திட்டம் முடிந்த பிறகும் அது சரியவில்லை. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதே முறையைச் சோதித்த முடிவு 2015இல் வந்தது. பெரும்பாலும் பலித்தது. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் மேலேதான் இருந்தன. ஹோண்டுராஸில் சறுக்கியது. அங்கே நிறையப் பேர் கோழி வாங்கினார்கள், நோய் வந்து கோழிகள் செத்தன.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் தீபாவளி புரிந்தது. ஆட்டை விற்றது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில். குட்டி போட்டு, அது வளர்ந்து காசாகும்வரை அடுப்பு எரிய வேண்டாமா? அந்த இடைவெளியை அடைக்க மாதம் 1,000 ரூபாய் யாராவது கொடுத்திருந்தால் ஆடு தப்பியிருக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் நேரத்துக்கு ஊசி போட யாராவது நினைவூட்டியிருந்தால் இன்னும் சில தப்பியிருக்கும்.

சிறுவாடு கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். பிராக் திட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்த ஷாலினி ராய், அக்னஸ் குவிசும்பிங் முதலியோரின் ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. கொடுத்த மாடு பெண்ணிடமே இருந்தது. அது அவளுடையது என்று ஊருக்கே தெரியும், யாரும் தொடவில்லை. ஆனால் அந்த வருமானத்தில் அப்புறம் வாங்கிய மற்றச் சொத்துகள் பெரும்பாலும் ஆண்கள் பெயருக்குப் போயின. அவளுடைய வேலையும் வீட்டோடு சுருங்கியது. ஆடு மாடு முறையைச் சோதித்த அந்த ஆறு நாட்டு ஆய்விலும் வருமானப் பலன் நின்றது, ஆனால் வீட்டு முடிவுகளில் பெண்ணுக்குக் கூடிய சொல்வாக்கு ஒரு வருடத்துக்குள் தேய்ந்துபோனது. இருந்தும் கடனோடு ஒப்பிட்டால் ஆடு எவ்வளவோ மேல். கடனாக வந்த பணம் அவளிடம் நிற்கவே இல்லை, ஆடாவது நின்றது.

மாடா ஆடா என்ற துணைச் சண்டைக்கும் ஒரு வார்த்தை. நல்ல கறவை மாடு எங்கள் பக்கம் 50,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. வாங்கிக் கொடுத்தால் தீவனத்துக்கோ இடைக்காலச் செலவுக்கோ ஒரு பைசா மிஞ்சாது. கோமாரி வந்து படுத்தால் மொத்தமும் போச்சு. விடியற்காலையும் சாயங்காலமும் பால் சொசைட்டி நேரத்துக்கு ஓட வேண்டும், ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்க முடியாது. நான்கு ஆடு என்றால் 34,000 போல ஆகும். மாதம் 1,000 வீதம் ஒரு வருடத்துக்கு 12,000. மீதி 4,000 கொட்டகைக்கும் காப்பீட்டுக்கும் குடற்புழு மருந்துக்கும். அவசரம் என்றால் ஒரு குட்டியை விற்கலாம், கால் மாட்டை விற்க முடியாது.

ரொக்கம் கொடுக்கலாம் என்றவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் பாட்டி கைக்குப் போன வீடுகளில் பேத்திகளின் உடல் தேறியதையும், தாத்தா கைக்குப் போன வீடுகளில் அப்படித் தெரியாததையும் எஸ்தர் டூஃப்லோ 2003இல் எழுதினார். மெக்சிகோ 1997 முதலும் பிரேசில் 2003 முதலும் தாய்மார் கையிலேயே பணம் கொடுத்து வந்ததற்குப் பின்னால் இந்த நம்பிக்கைதான். ஆனால் மொராக்கோவில் பள்ளி உதவித்தொகையை அம்மாவிடம் கொடுத்ததற்கும் அப்பாவிடம் கொடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை, கென்யாவில் ரொக்கத்தைக் கணவனிடம் கொடுத்ததற்கும் மனைவியிடம் கொடுத்ததற்கும் அப்படியே. எல்லா ஊர் அப்பாக்களும் ஒரே மாதிரி இல்லை போலிருக்கிறது. கென்யா ஆய்வில் நமக்குப் பயன்படும் ஒரு விஷயம் உண்டு. மாதா மாதம் கொடுத்த பணம் சாப்பாட்டுக்குப் போனது, மொத்தமாகக் கொடுத்தது கூரைத் தகடு மாதிரி நின்று உழைக்கும் பொருளுக்குப் போனது.

எங்கள் கணக்கில் மாதம் 1,000 என்றால் 50 மாதம் வரும். ஆனால் அந்த வேலையை 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது வெறும் வார்த்தை அலங்காரம் இல்லை. "இது எனக்கு வர்ற பணம்" என்று சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெண்களின் குரலே வேறு மாதிரி இருக்கிறது, நான் கேட்டிருக்கிறேன். அரசு செய்வதையே நாங்கள் நான்கு வருடம் சின்னதாகச் செய்துவிட்டு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 30 பேரில் அந்தத் தொகை வராதவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். காரணம் காகிதக் குளறுபடி. அதைச் சரிசெய்து கொடுப்பது எங்கள் 15 லட்சத்தில் கை வைக்காமலே முடியும்.

குழுவில் யாரும் சொல்லாத ஒன்று, கூலி. 50,000 ரூபாயை நூறு நாள் வேலையின் 2025-26 கூலியான 336 ரூபாயால் வகுத்தால் 148 நாள். அந்த வேலையைத் தமிழ்நாட்டில் செய்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது எங்கள் பக்கம் முதலில் நடந்தது அங்கேதான். கட்டட வேலையில் சித்தாளுக்கும் பெரியாளுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நம்மால் 148 நாள் வேலை உண்டாக்க முடியாது, சரி. ஆனால் வட மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு ஆய்வு எங்களுக்கு ஏறக்குறைய இலவசமாக ஒரு வழி காட்டுகிறது. அங்கே இந்தக் கூலி குடும்பத் தலைவரின் கணக்கில்தான் ஏறிக்கொண்டிருந்தது. சில கிராமங்களில் மட்டும் பெண்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, கூலியை நேராக அங்கே போட்டார்கள். ரோகிணி பாண்டே, எரிகா ஃபீல்ட் முதலியோர் 2021இல் வெளியிட்ட முடிவு: அந்தப் பெண்கள் அதிக நாள் வேலைக்குப் போனார்கள், தனியார் வேலைக்கும்கூட. பெண் வேலைக்குப் போவது பற்றிய வீட்டாரின் பேச்சே மெல்ல மாறியது. கூலியில் ஒரு ரூபாய் கூட்டவில்லை, அது விழுந்த இடத்தை மட்டும் மாற்றினார்கள். சிறுவாட்டுக்கு வங்கியில் ஒரு அஞ்சறைப் பெட்டி.

எங்கள் பட்டியலில் 30 பேருக்கும் கணக்கு இருக்கிறது. ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். 13 பேர், "அவருகிட்ட" அல்லது "பையன்கிட்ட".

நேரக் கணக்கும் பாக்கி இருக்கிறது. 2024இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஐந்து மணி நேரம் அப்படிப் போனபின் ஆடு மேய்க்கவோ தையல் மெஷின் மிதிக்கவோ மிச்சம் இருப்பது எது? பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானபோது மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அரூர் சந்தைக்குப் போக அவர்கள் யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை என்பது. பஸ் விட நம்மால் முடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் நடத்த முடியும். அங்கன்வாடி இரண்டு வயதுக்கு மேல்தான், அதற்குக் கீழே கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டியலில் ஏழு பேர். முன்னே சொன்ன, 100 ஆண்களுக்கு 122 பெண்கள் என்ற கணக்கு இவர்களைப் பற்றியதுதான்.

நிலத்தைப் பெண் பெயரில் எழுதுவது எல்லாவற்றையும் விட வலுவானது என்பது என் கட்சி. திருவனந்தபுரத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் பார்த்த ஆய்வில், நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள், இரண்டும் சொந்தமாக உள்ளவர்களில் 7 சதவீதம் பேர். ஆனால் 50,000 ரூபாய்க்கு எங்கள் ஊரில் இன்று நிலம் இல்லை. பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆக என் யோசனை இது. 30 பேருக்கும் ஒரே பொருள் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், பெங்களூர் போன ஆள் திரும்பாதவர்கள் என்று தனியாக நிற்பவர்கள் 11 பேர். இவர்களிடமிருந்து ஆட்டை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. நான்கு ஆடு, ஒரு வருடம் மாதம் 1,000, வாரா வாரம் ஒருவர் நேரில் வந்து பார்ப்பது. இதற்கு 5,50,000. கைக்குழந்தைக்காரிகள் ஏழு பேருக்குக் குழந்தைக் காப்பகம். ஊர்ப் பெண்கள் இருவருக்குச் சம்பளம் கொடுத்து மாதம் 20,000 வீதம் இரண்டு வருடத்துக்கு 4,80,000. வீட்டின் ஒரே தொழிலைத் தாங்களே நடத்தும் நால்வருக்கு, இட்லிக் கடை இரண்டு, பூக்கட்டு ஒன்று, காய்கறி ஒன்று, தலா 25,000 மொத்தமாக, திருப்பித் தர வேண்டாம். அது ஒரு லட்சம். மருத்துவம், பயணம் என்று ஆட்டுக்காரர்களுக்குப் பின்துணையாக 1,50,000 ஒதுக்கலாம். மீதி 2,20,000. மீதிப் பெண்கள் எட்டுப் பேர். கணவன் இருக்கிறான், கடன் இருக்கிறது, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை. எனக்குத் தோன்றுவதை எழுதுவதைவிட, வீட்டு ஆண்கள் இல்லாத நேரத்தில் போய் அவர்களையே கேட்டுவிட்டு வருவது உத்தமம்.

இதைக் குழுவில் போட்டதும் துபாய் நண்பர் ஒரு மெஷினின் விலைப் பட்டியலை அனுப்பினார், மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி உண்டாம். வங்கி நண்பர் பதிலே போடவில்லை. வாரா வாரம் யார் போய் ஆட்டைப் பார்ப்பது என்று கேட்டதற்கு மூன்று நாள் அமைதி. நான்காவது நாள், எங்களோடு படித்து இப்போது கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெறப்போகும் தோழி எழுதினாள்: "நான் போறேன். பெட்ரோல் காசு மட்டும் குடுங்க. ஆனா ஆடு வாங்கறப்ப நானும் வருவேன், உங்களுக்குப் பல் பாக்கத் தெரியாது."

புதன்கிழமை சந்தை. போகிறோம்.